போட்டு வைத்த தடுப்பே கைவிட்டால் அடுத்து என்ன?

2025 செப்டம்பர் 8 – ஒரு வாசகரின் கேள்வி

ஆபீசில் ரிஸ்க் ரிஜிஸ்டர், அதாவது வேலையில் எது எது தவறலாம், தவறினால் என்ன செய்வது என்ற பட்டியல், எழுதச் சொல்கிறார்கள், எழுதுகிறோம். மழை வந்தால் தார்பாய். மெஷின் நின்றால் ஸ்பேர் மெஷின். ஆள் வரவில்லை என்றால் வேறு மேஸ்திரி. சரி, எழுதி வைத்த அந்தத் தடுப்பே வேலைக்கு ஆகவில்லை என்றால்? அதற்கு ஒரு தடுப்பு, அதற்கும் ஒரு தடுப்பு என்று எழுதிக்கொண்டே போக முடியுமா? என் கட்சி இதுதான்: இரண்டாவது திட்டம் என்பது காகிதத்துக்கு அழகு. களத்தில் விவரமான ஆள் ஒருவர் இருந்தால் அந்த நேரத்துக்கு வழி தானாகப் பிறக்கும்.

செப்டம்பர் 8, இரவு

பிறக்காது. பிறந்த மாதிரி தெரியும், அவ்வளவுதான்.

ஏற்காட்டில் நாகலூர் ரோட்டில் ஒரு தங்கும் விடுதி கட்டினோம். மேல்தளம் காங்கிரீட் போடும் நாள் ஐப்பசியில் விழுந்தது. ஐப்பசியில் ஏற்காட்டில் தளம் போடுவது என்ன புத்திசாலித்தனம் என்று யாரும் கேட்க வேண்டாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு ரூம் திறந்தாக வேண்டும் என்பது ஓனர் முடிவு. தேதியை மாற்ற முடியாது என்றான பிறகு ரிஜிஸ்டரில் மழைக்கு முதலிடம் கொடுத்தோம். விடிந்ததும் ஆரம்பிப்பது, தளம் முழுக்க மூடும் அளவுக்குத் தார்பாய், கலவை மில்லர் மக்கர் செய்தால் இன்னொரு மில்லர். அந்த இன்னொன்று அடிவாரத்தில் ஒரு செட்டில் நிற்கும். போன் போட்டால் டிராக்டரில் இழுத்துக்கொண்டு மேலே வந்துவிடுவார்கள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து கொஞ்ச நேரத்தில் மழை இறங்கியது. தார்பாயை விரித்தோம். காற்று ஒரு ஓரத்தில் பிடித்து மொத்தத்தையும் சுருட்டிக் காபித் தோட்டத்துக்குள் வீசியது. மில்லர் இன்ஜினில் தண்ணீர் ஏறி அதுவும் நின்றது. அடிவாரத்துக்குப் போன் போட்டோம், டிராக்டர் கிளம்பியது. பாதி மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் மரம் சாய்ந்து ரோடு அடைத்துக்கொண்டது.

எழுதி வைத்த எல்லாமே ஒரே மத்தியானத்தில் போயிற்று. விவரமான ஆட்கள் இல்லாமல் இல்லை. ஒருவர் கையால் கலந்து போடலாம் என்றார். ஒருவர் சரிவாக விட்டு நாளைக்குத் தொடரலாம் என்றார். ஓனர் எப்படியாவது முடியுங்கள் என்றார். விவரமான ஆள் ஒருவர் இருந்தால் ஒரு வழி பிறக்கும், நாலு பேர் இருந்தால் நாலு வழி பிறக்கும். காங்கிரீட் அதுவரை காத்திருக்காது.

மிச்சம் நாளைக்கு.

செப்டம்பர் 9

அன்றைக்குத் தளத்தைக் காப்பாற்றியது சிவப்பு பெயின்ட்.

முதல் நாள் சாயங்காலம் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து கம்பி கட்டியதைப் பார்த்துவிட்டு, சென்டரிங் (காங்கிரீட்டைத் தாங்கும் அச்சு) ஓரப் பலகையில் குறுக்குவாட்டில் சிவப்புக் கோடுகள் போட்டுவிட்டுப் போயிருந்தார். நிறுத்தும்படி ஆனால் இந்தக் கோட்டில்தான் நிறுத்த வேண்டும், வேறெங்கும் கூடாது. பீமும் தளமும் தாங்குமிடத்துக்குப் பக்கத்தில் ஷியர், அதாவது வெட்டு விசை, அதிகம், நடுப்பகுதியில் குறைவு. அதனால் பழைய காங்கிரீட்டும் புதுசும் சேரும் ஜாயின்ட் விழுந்தே தீர வேண்டும் என்றால் நடுப்பகுதியில் விழட்டும் என்று கணக்குப் பார்த்துப் போட்ட கோடு அது. மேஸ்திரி அந்தக் கோட்டுக்குச் சரியாக வரும் பலகைகளை, கம்பி நுழைவதற்குப் பல் வெட்டி, படிக்கட்டுச் சுவரில் சாத்தி வைத்திருந்தார். ஒரு விதியும் பேசி வைத்திருந்தோம்: கலவை வருவது அரை மணி நேரம் நின்றால் பலகையை இறக்கிவிட வேண்டும். இறக்குவது மேஸ்திரி. யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

காங்கிரீட் முதல் கோட்டுக்கு இரண்டடி முன்னால் நின்றிருந்தது. மேடையில் மில்லர் கொட்டிவிட்டுப் போன கலவை கொஞ்சம் கிடந்தது. அதைச் சட்டி சட்டியாக அள்ளி கோடு வரை நிரப்பி, வைப்ரேட்டர் ஓடியவரைக்கும் ஓட்டி, பலகையைச் செங்குத்தாக இறக்கி ஆப்பு அடித்தார்கள். ஓனர் மேலே ஏறி வந்து, "இன்னும் நாலு மூட்டை கையில கலந்தா அந்த பீம் வரைக்கும் போயிடலாமே மேஸ்திரி" என்றார். மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கோட்டத் தாண்டினா அடுத்த கோடு வரைக்கும் போயாகணுமுங்க. நடுவுல நின்னா அப்புறம் உடைச்சுத்தான் எடுக்கணும்."

இன்னொன்று. தளம் முழுக்க நிற்காத தார்பாய், பாதித் தளத்துக்கு இரண்டு மடிப்பாகப் போட்டபோது நின்றது. ஓரமெல்லாம் ஜல்லி மூட்டை வைத்தோம். பரப்பைக் குறைத்ததும் தோற்றுப்போன தடுப்பே மறுபடி உயிர் பெற்றது. இதை நாங்கள் யாரும் திட்டத்தில் எழுதவில்லை, தானாக அமைந்தது. கேள்வி கேட்டவருக்கு இதற்கு மட்டும் அரை மார்க் தருகிறேன்.

செப்டம்பர் 9, பின்மாலை

"அப்படியானால் அது ஒர்க்கரவுண்ட்தானே" என்று கேட்டிருப்பவருக்கு: தார்பாயை மடித்துப் போட்டது ஒர்க்கரவுண்ட். முன்பே யோசிக்காமல் அந்த இடத்தில் செய்தது. கோட்டில் நிறுத்தியது ஃபால்பேக், முந்தின நாளே முடிவானது. ஸ்பேர் மில்லரைக் கூப்பிட்டது கன்டிஞ்சென்சி, அதாவது இன்ன அறிகுறி தெரிந்தால் இன்னதைச் செய்வோம் என்று வைத்திருந்தது. அதுவும் பலிக்காதபோது எடுப்பதுதான் ஃபால்பேக். திட்ட மேலாண்மைப் பரீட்சைக்கு இவ்வளவு போதும்.

செப்டம்பர் 11

கேள்வி கேட்டவர் விடவில்லை, நிலவுக்குக் கிளம்பிய அப்பல்லோ 13 விண்கலத்தைக் கொண்டு வந்திருக்கிறார். 1970 ஏப்ரலில் நடுவழியில் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. கரியமில வாயுவை உறிஞ்சும் சதுர டப்பாவை வட்டத் துளைக்குப் பொருத்த பிளாஸ்டிக் பை, குழாய், டேப் எல்லாம் வைத்து ஒட்டுப்போட்டார்கள். அதற்கு யார் முன்கூட்டித் திட்டம் போட்டார்கள் என்கிறார்.

அந்த டப்பா விஷயம் ஒர்க்கரவுண்ட்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதைச் செய்வதற்கு மூன்று பேரும் உயிரோடு இருந்தது எதனால்? நிலவில் இறங்கும் கலத்தை உயிர்காக்கும் படகாகப் பயன்படுத்த முடியுமா என்று அதற்கு முன்பே யோசித்திருந்தார்கள். இரண்டு கலமும் இணைந்திருக்கும்போது இறங்குகலத்தின் இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதை 1969-இல் அப்பல்லோ 9 பயணத்திலேயே செய்து முடித்திருந்தார்கள். ஒட்டுப்போடுகிற சாமர்த்தியம் நமக்குப் படமாகப் பிடிக்கிறது. அதற்கு நேரம் வாங்கிக் கொடுத்த பழைய சோதனையை யாரும் பேசுவதில்லை.

செப்டம்பர் 14

அந்த ஸ்பேர் மில்லரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு அதுதான் இந்தக் கதையில் முக்கியமான இடம்.

ரிஜிஸ்டரில் பார்த்தால் மழை ஒரு வரி, மில்லர் ரிப்பேர் ஒரு வரி, ரோடு அடைப்பு ஒரு வரி. தனித்தனி வரி, தனித்தனி மதிப்பெண். மலையில் இந்த மூன்றும் ஒரே ஆள். மழை வந்தால்தான் இன்ஜின் நனையும், மழை வந்தால்தான் மரம் விழும். எப்போது ஸ்பேர் தேவைப்படுமோ அப்போதுதான் ஸ்பேர் வர முடியாது. குப்பனூர் வழியாகக் கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்கிறார்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் போய்ச் சுற்றி ஏற வேண்டும், நேரம் ஆகும். அதைவிட முக்கியம், அதுவும் இதே மலை, இதே மழை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம்–ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அந்த வாரம் மேலே வேலை வைத்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இதற்குப் பெரிய உதாரணம் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையம். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தில் வெளியிலிருந்து வரும் மின்சாரம் அறுந்தது. திட்டப்படி டீசல் ஜெனரேட்டர்கள் ஓட ஆரம்பித்தன. ஒரு மணி நேரத்துக்குள் சுனாமி வந்து, கட்டடங்களின் அடித்தளத்தில் இருந்த ஜெனரேட்டர்களையும் மின் பலகைகளையும் மூழ்கடித்தது. ஜெனரேட்டர் ஒன்றல்ல, பல இருந்தன. பெரும்பாலானவை ஒரே வெள்ளத்துக்கு எட்டுகிற உயரத்தில். 6-ஆம் உலைக்கான ஜெனரேட்டர்களில் ஒன்று மட்டும் தப்பியது. அது கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிர்வது, கொஞ்சம் மேடான இடத்தில் இருந்தது. அந்த ஒன்றை வைத்து 5, 6 இரண்டு உலைகளையும் காப்பாற்றினார்கள்.

அதன் பிறகு நான் ரிஜிஸ்டரில் எந்த மாற்று ஏற்பாட்டைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, இது எந்த வழியாக வந்து சேரும் என்றுதான். சேலத்திலிருந்து ஏறி வர வேண்டிய எதுவும் ஏற்காட்டு மழைக்கு மாற்று ஆகாது. மேலேயே ஒரு கொட்டகையில் நிற்க வேண்டும், வாடகை போனாலும் சரி.

செப்டம்பர் 15

வாடகை யார் தருவார்கள் என்று உடனே கேட்டவர் கண்டிப்பாக காண்ட்ராக்டர்தான். பணத்துக்கு வருகிறேன், பொறுங்கள்.

செப்டம்பர் 19

மென்பொருள் துறையிலிருந்து ஒருவர். அவர்களிடம் மழையும் இல்லை, மரமும் விழாது, பேக்கப் இருக்கிறது, பழைய நிலைக்குத் திரும்ப ஒரு பட்டன் போதும் என்கிறார்.

2017 ஜனவரி 31 அன்று, புரோகிராம்களைச் சேமித்து வைக்க இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் நடந்தது உங்கள் துறையிலேயே எல்லாருக்கும் தெரிந்த கதை. இரவில் டேட்டாபேஸ் கோளாறைச் சரி செய்துகொண்டிருந்த ஊழியர், தவறான சர்வரில் டேட்டா அடைவை அழித்துவிட்டார். பேக்கப் எடுக்க ஐந்து வகை ஏற்பாடு இருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒன்றும் உருப்படியாக வேலை செய்யவில்லை. ஒருவர் தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத் தகவல் போனது போனதுதான். அவர்களைக் குறை சொல்லவில்லை, நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள் என்பதற்காகவே மரியாதை வைத்திருக்கிறேன்.

பஞ்சர் ஆன பிறகுதான் ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் எந்தத் துறைக்கும் தனிச் சொத்து இல்லை. பேக்கப் எடுத்தோம் என்பது பாதி. அதிலிருந்து ஒரு முறையாவது மீட்டுப் பார்த்தோமா என்பதுதான் மீதி. எங்கள் பக்கத்தில் அது எப்படி என்றால், அந்தப் பல் வெட்டிய பலகையை முந்தின நாளே கம்பிக்கு மேல் ஒருமுறை இறக்கிப் பார்த்தார் மேஸ்திரி. ஒரு இடத்தில் கம்பி இடித்தது. ரம்பத்தை எடுத்து இன்னும் கால் அங்குலம் வெட்டினார். மழையில் நின்றுகொண்டு அதைச் செய்திருக்க முடியாது.

செப்டம்பர் 27

"இரண்டாவதும் தோற்றால்?" என்று மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டிருக்கிறார்கள். இதற்கு மெக்சிகோ வளைகுடாவுக்குப் போக வேண்டும்.

2010 ஏப்ரல் 20. டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்தது, 11 பேர் இறந்தார்கள். கிணற்றின் வாயில் இதற்கென்றே வைத்திருந்த அடைப்புக் கருவி அடைக்கவில்லை. ஆழ்கடல் ரோபோவை அனுப்பி அதை இயக்கப் பார்த்தார்கள், நடக்கவில்லை. மே மாதம் பெரிய இரும்புக் கூண்டு ஒன்றைக் கசிவின் மேல் கவிழ்த்தார்கள். ஆழத்துக் குளிரில் மீத்தேனும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போல் உறைந்து கூண்டின் வாயை அடைத்துவிட்டது. மே கடைசியில் கனமான சேற்றுக் குழம்பை உள்ளே தள்ளி அமுக்கப் பார்த்தார்கள், ரப்பர்த் துண்டுகள் வரை போட்டுப் பார்த்தார்கள், அதுவும் தோல்வி. கடைசியில் ஜூலை 15-இல் புது மூடி ஒன்றைப் பொருத்தி ஒழுக்கை நிறுத்தினார்கள். 87 நாள்.

இதில் எல்லாரும் வரிசையாகத் தோற்றதைச் சொல்கிறார்கள். நான் பார்ப்பது வேறொன்று. மே 2-லேயே, இந்தக் கூண்டு வித்தையெல்லாம் நடப்பதற்கு முன்பே, பக்கத்தில் நிவாரணக் கிணறு தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். கடலடியில் மாதக்கணக்கில் தோண்டி, பழைய கிணற்றை அடியில் போய்த் தொட்டு சிமெண்ட் வைத்து அடைப்பது. மெதுவானது, ஆனால் நம்பகமானது. செப்டம்பரில் அது போய்ச் சேர்ந்த பிறகுதான் கிணறு நிரந்தரமாக மூடப்பட்டதாக அறிவித்தார்கள். வேகமான வழிகள் ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருந்தபோது மெதுவான வழி தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அது தோற்கட்டும், இதை ஆரம்பிக்கலாம் என்று வரிசை போட்டிருந்தால் இன்னும் எத்தனை வாரம் போயிருக்கும்.

ஆக, அடுக்கி வைப்பது மட்டும் போதாது. எந்த வழிக்கு நேரம் அதிகம் பிடிக்குமோ அதை முதலிலேயே கிளப்பிவிட வேண்டும். கடைசியில் தேவைப்படாமல் போனால் போகட்டும்.

இதற்கு மறுப்பும் உண்டு. எங்கள் மாதிரிச் சின்ன வேலைகளில் இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் கிளப்ப ஆள் ஏது? அன்றைக்கு மேலே இருந்தவர்களில் பாதிப்பேர் தார்பாயைத் துரத்திக்கொண்டு தோட்டத்துக்குள் ஓடிவிட்டார்கள். தார்பாய்க்கு நாலு பேர், பலகைக்கு மூன்று பேர் என்று பெயர் சொல்லிப் பிரித்திருந்தால் இன்னும் சுலபமாக முடிந்திருக்கும். இப்போதெல்லாம் அப்படிப் பிரித்துவிடுகிறோம்.

அக்டோபர் 4

அந்த அரை மணி விதியைப் பற்றி ஒரு திருத்தம். மேட்டூரிலிருந்து ஒரு இன்ஜினியர் எழுதியிருக்கிறார்: அரை மணி என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது, படிப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். சரியான பேச்சு. சேலத்தில் சித்திரை வெயிலில் காங்கிரீட் சீக்கிரம் இறுகும், ஏற்காட்டுக் குளிரில் தாமதமாகும், ரிடார்டர் கலந்தால் இன்னும் தாமதமாகும். எங்கள் அரை மணி, அந்த சிமெண்டுக்கும் அந்த ஊர்க் குளிருக்கும் நிறையவே முன்கூட்டி வைத்தது. காங்கிரீட் இன்னும் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும்.

பின்னே ஏன் அவ்வளவு சீக்கிரம் வைத்தோம் என்றால், மனிதர்களுக்காக. மெஷின் நின்ற பிறகு முதல் கால் மணி நேரம் எல்லாரும் இன்ஜினைச் சுற்றி நிற்பார்கள். "இதோ ஸ்டார்ட் ஆயிடும்" என்று ஒருவர் கயிற்றை இழுப்பார். அடுத்த கால் மணி, வண்டி எங்கே வருகிறது என்று போன். ஒவ்வொரு ஐந்து நிமிடமும் இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்றுதான் தோன்றும், ஏனென்றால் நிறுத்துகிறேன் என்று முதலில் சொல்பவன்மேல்தான் பழி வரும். அதனால்தான் கடிகாரத்திடம் விட்டோம். மேஸ்திரி நிறுத்தவில்லை, மணி நிறுத்தியது. அடுத்த நாள் ஓனர் யாரையும் திட்ட முடியவில்லை, சுவரில் மாட்டிய கடிகாரத்தை முறைத்துவிட்டுப் போனார்.

ட்ரிகர் என்று திட்ட மேலாண்மைப் புத்தகம் சொல்வது இதைத்தான். நிறைய ரிஜிஸ்டரில் ட்ரிகர் என்ற கட்டத்தில் "நிலைமை மோசமானால்" என்று எழுதியிருக்கும். மோசம் என்பதற்கு ஒரு எண் வேண்டும், அந்த எண்ணைப் பார்க்கும் ஆளுக்கு முதலாளியைக் கேட்காமல் கையை நீட்டும் அதிகாரம் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் ஃபால்பேக் காகிதத்துக்கு அழகுதான். இந்த இடத்தில் கேள்வி கேட்டவரின் வார்த்தையையே எடுத்துக்கொள்கிறேன்.

அக்டோபர் 12

ஃபால்பேக் பலித்தது, கதை முடிந்தது என்று நினைத்தவர்களுக்கு மறுநாள் காலையைச் சொல்கிறேன்.

பலகையைக் கழற்றினால் ஜாயின்ட் முகம் வழுவழுவென்று இருந்தது. அப்படியே புதுக் காங்கிரீட்டைச் சேர்த்தால் ஒட்டாது. உளி வைத்துக் கொத்தி, மேலே மிதந்து காய்ந்த சிமெண்ட் பாலையெல்லாம் எடுத்து, ஜல்லி முகம் தெரியும் வரை சொரசொரப்பாக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தண்ணீர் விட்டு நனைத்து, சிமெண்ட் குழம்பு பூசி, அதற்கு மேல் தொடர்ந்தார்கள். ரோடு திறக்க நேரம் ஆனதால் இரண்டாம் பாதி தள்ளிப்போனது. முட்டுகளைப் பிரிக்கும் கணக்கும் அதோடு நகர்ந்தது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி தளத்தின் முட்டுகளை, தாங்குமிடங்களுக்கு இடையே 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள் வைத்திருக்க வேண்டும். ஜாயின்ட் நடுவில் இருக்கும் அந்தத் தளத்துக்குக் கணக்கு இரண்டாம் பாதி போட்ட நாளிலிருந்துதான். முதல் பாதி இறுகிவிட்டதே என்று சென்டரிங்காரர் வந்து பலகை கேட்டார். அவருக்கு அடுத்த சைட் காத்திருந்தது. தர முடியாது என்றோம், அதற்கு ஒரு சண்டை.

அப்புறம் ஜாயின்ட் என்றால் என்றைக்காவது கசியும் வாய்ப்பு உண்டு. ஏற்காட்டு மழைக்குக் கேட்கவே வேண்டாம். தளத்துக்கு மேல் போடும் வாட்டர் புரூஃபிங்கில் அந்தக் கோட்டுக்கு மட்டும் தனி கவனிப்பு, அதற்குத் தனிச் செலவு. ஒரு தீர்வு தன் கூடவே கூட்டிக்கொண்டு வரும் புது ரிஸ்க்கை செகண்டரி ரிஸ்க் என்பார்கள். ஃபால்பேக்குக்கும் அது உண்டு என்பதை ரிஜிஸ்டர் எழுதும்போது யாரும் நினைப்பதில்லை. அன்றைக்கு நனைந்துகொண்டு வீட்டுக்குப் போனதும் அந்த வரியை மூடிவிட்டால், கசிவு யார் கணக்கிலும் இருக்காது.

அக்டோபர் 13

மேட்டூர்க்காரர் திரும்ப வந்திருக்கிறார், இந்த முறை தன் ஊர் அணையோடு. 1934-இல் கட்டி முடித்தது, 120 அடி, 93.47 டி.எம்.சி. நிரம்பினால் உபரி போவதற்கென்றே 16 கண் மதகு. நீர் 120 அடியைத் தொட்ட பிறகு கமிட்டி கூடி எங்கே விடலாம் என்று யோசிப்பதில்லை, வழி 90 வருடமாகத் தயாராக இருக்கிறது என்கிறார். சரிதான். ஆனால் விட்ட தண்ணீர் கீழே ஒருவருக்குப் போய்ச் சேரும். 2018 ஆகஸ்டில் காவிரியில் பெருவெள்ளம் போனபோது, 22-ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடம் பக்க மதகுகளில் 9 அடித்துக்கொண்டு போனதை அவரும் மறந்திருக்க மாட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டு மதகுகள் அவை. நம் ஃபால்பேக் யார் தலையில் போய் இறங்குகிறது என்பதையும் எழுத வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சென்டரிங்காரருக்கு நாங்கள்தான் மேட்டூர்.

அக்டோபர் 20

வாக்களித்தபடி பணம். (தீபாவளி அன்றைக்கு இதை எழுதுகிறேன் என்று வீட்டில் திட்டு.)

புத்தகத்தில் இரண்டு பை உண்டு. அடையாளம் கண்ட ரிஸ்க்குகளுக்காகத் திட்டச் செலவிலேயே சேர்த்து வைப்பது கன்டிஞ்சென்சி ரிசர்வ், அது திட்ட மேலாளர் கையில். யாரும் நினைத்தே பார்க்காததற்கு மேலிடம் தனியாக வைத்திருப்பது மேனேஜ்மென்ட் ரிசர்வ், அதை எடுக்க மேலே ஒப்புதல் வேண்டும். ஃபால்பேக்குக்கான பணம் முதல் பையில் இருக்க வேண்டும். இரண்டாவது பையில் இருந்தால், மழையில் நின்றுகொண்டு ஒப்புதலுக்கு போன் போட வேண்டும். மேலே டவர் இருந்தால் ஓனர் எடுக்க மாட்டார், ஓனர் எடுத்தால் டவர் இருக்காது.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் எஸ்டிமேட்டில் "எதிர்பாராச் செலவு" என்று ஒரு வரி வைப்போம். கையெழுத்து ஆகும்போது முதலில் அடிபடுவது அந்த வரிதான், பேரம் அங்கேதான் முடியும். பிறகு ஒரு கணக்கர் அண்ணன் வழி சொல்லிக் கொடுத்தார்: மொத்தமாக ஒரு தொகை என்று எழுதாதே, பெயர் வைத்து எழுது. ஸ்பேர் மில்லர் மேலே நிற்க வாடகை. ஸ்டாப் பலகை, ஆள் கூலி. ஜாயின்டுக்கு வாட்டர் புரூஃபிங். பெயர் வைத்த செலவை வெட்ட வேண்டுமானால் ஓனர் "ஸ்பேர் மில்லர் வேண்டாம்" என்று வாயால் சொல்ல வேண்டும். நிறையப் பேருக்கு அது வாயில் வராது. வந்தாலும் நல்லதுதான், ரிஸ்க்கை ஏற்றுக்கொண்டது யார் என்பது பதிவாகிவிடும்.

அக்டோபர் 28

முதல் கேள்விக்கே வருகிறேன். அதற்கும் அதற்கும் என்று எழுதிக்கொண்டே போக முடியுமா? முடியாது, கூடாது. அறுபது வரி ரிஜிஸ்டர் வைத்திருக்கும் ஒரு இடத்துக்குப் போனேன், ஒவ்வொரு வரிக்கும் பிளான் ஏ, பி, சி. படித்த ஆள் அதை எழுதியவர் மட்டுமே, அவரும் வேலையை விட்டுப் போயிருந்தார்.

நான் இரண்டாம் அடுக்கு எழுதுவது, ஆரம்பித்தால் பாதியில் விட முடியாத வேலைகளுக்கு மட்டும். காங்கிரீட், கிரேன் வைத்துத் தூக்குவது, ஓடிக்கொண்டிருக்கும் மின் இணைப்பை மாற்றுவது. பெயின்ட் அடிப்பதற்கு எதற்கு ஃபால்பேக்? மழை வந்தால் டீ குடிக்கலாம். அந்தச் சில வேலைகளுக்கும் மூன்றாம் அடுக்கு எழுதுவதில்லை. அங்கே எழுதுவது ஒன்றே ஒன்று: எல்லாம் போனால் எந்த நிலையில் பத்திரமாக நிறுத்திவிட்டு வரலாம்.

இப்போது மஞ்சக்குட்டை பக்கம் ஒரு காபித் தோட்டத்தில், காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினுக்கு செட் போடுகிறோம். அறுவடை நவம்பரில் ஆரம்பித்துவிடும், பறித்த பழம் அன்றன்றைக்கு பல்பருக்குள் போயாக வேண்டும், வைத்தால் புளித்துவிடும். ரிஜிஸ்டரில் அந்த வரி இப்படி: புது மெஷின் நவம்பர் 10-க்குள் ஓடவில்லை என்றால் பழைய கை பல்பர். அது தோட்டத்திலேயே இருக்கிறது, போன வாரம் ஒரு கூடை பழம் போட்டுச் சுற்றிப் பார்த்தோம், ஓடுகிறது. கை பல்பர் சமாளிக்கும் அளவைப் பழம் தாண்டினால், பல்ப் செய்யாமல் முழுப் பழமாகவே களத்தில் உலர்த்துவது. விலை குறையும், சரக்கு கெடாது. முடிவெடுப்பது தோட்டத்துக் கணக்கு எழுதும் ரைட்டர், ஓனர் இல்லை. களத்துக்குத் தார்பாய் வாங்கியாயிற்று, இந்த முறை சின்னச் சின்னத் துண்டுகளாக.

அக்டோபர் 29

கேள்வி கேட்டவர் பாதி ஒத்துக்கொண்டுவிட்டதாக எழுதியிருக்கிறார், மீதிப் பாதிக்கு விவரமான ஆள் வேண்டும்தானே என்கிறார். வேண்டும். சண்டை போட எனக்கு நேரமில்லை, மெஷின் சேலத்துக்கு வந்து இறங்கிவிட்டது. லாரி டிரைவர் இதே நீளத்தில் இருபது கொண்டை ஊசியும் திரும்பாது என்கிறார். பிரித்து இரண்டு சின்ன வண்டியில் ஏற்றலாமா, அடித்தட்டை மட்டும் தனியாகக் கொண்டு போகலாமா என்று பார்க்கிறோம். இந்த அளவு மெஷினை யாராவது ஏற்காட்டுக்கு ஏற்றியிருந்தால் எந்த வழியில், எந்த வண்டியில் என்று இங்கேயே எழுதுங்கள்.